பின்வண்டி நூற்பா: மூலமும் உரையும்

நூலையும் உரையையும் ஒருவரே எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. வைத்தியநாத தேசிகர் தம் இலக்கண விளக்கத்துக்குத் தாமே உரை செய்தார். சுவாமிநாத தேசிகர் இலக்கணக் கொத்துக்குத் தாமே உரை எழுதினார். எழுத்துக்கும் சொல்லுக்கும் அவர்கள் செய்ததைத் துருப்பிடித்த ஓர் இரும்புப் பெட்டிக்குச் செய்யத் துணிகிறேன். பெரியோர் பொறுத்தருள்க.

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட பழைய கால் டன் டிரெய்லரை வாங்கி, கரடுமுரடான பாதையில் ஜீப்பின் பின்னால் இழுத்துப்போய், போன இடத்தில் தங்குவதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வது அந்த நாட்டில் பலருக்கும் விருப்பமான வேலை. அந்த வேலையைப் பத்து நூற்பாக்களில் அடக்கியிருக்கிறேன். நூற்பா சுருங்கச் சொல்லும். சுருங்கியதை விரிக்க உரை வேண்டும்.

1

*போர்க்குப் பிறந்து பொதிசுமந் தோய்ந்த*
*கால்டன் பின்வண்டி காட்டிடை உறைதற்கு*
*ஆகும் முறைமை அறைகுவன் யானே.*

இது பாயிரம். பின்வண்டி என்றது டிரெய்லரை. காடு என்றது மரம் அடர்ந்த இடத்தை மட்டுமன்று; தார்ச்சாலை முடிந்தபின் வரும் மலை, மணல், வறண்ட ஆற்றுப்படுகை எல்லாம் அதில் அடங்கும்.

‘போர்க்குப் பிறந்து’ என்பதற்கு ஒரு கதை உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரிலிருந்த அமெரிக்கன் பேன்டம் கார் கம்பெனிதான் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்தது. 1940 செப்டம்பர் 23 அன்று அதை மேரிலாந்திலுள்ள ஹோலபேர்ட் ராணுவ முகாமில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். ஆனால் பெரும் எண்ணிக்கையில் ஜீப் செய்யும் ஒப்பந்தம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. பேன்டத்துக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று ஜீப்பின் பின்னால் ஓடும் டிரெய்லர். பிள்ளையைப் பெற்றவளுக்குத் தொட்டில் செய்யும் வேலை கிடைத்ததுபோல. அந்தப் பேன்டம் டிரெய்லரின் வழியில் கொரியப் போர்க் காலத்து ஜீப்புக்கு எம்-100 வந்தது. 1960களின் எம்-151 ஜீப்புக்கு எம்-416 வந்தது. இன்று மாற்றுவேலைக்கு அதிகம் அகப்படுவது இந்த எம்-416.

‘ஓய்ந்த’ என்ற சொல்லையும் விடக்கூடாது. எம்-151 ஜீப் வளைவில் எளிதில் கவிழும் என்று பெயரெடுத்தது. அதனால் ராணுவம் கழித்தபோது பெரும்பாலானவற்றை வெட்டிக் காயலான் கடைச் சரக்காகத்தான் விற்றார்கள். அதன் பின்னால் ஓடிய டிரெய்லருக்கு அந்தக் கதி வரவில்லை. முழு உருவில் ஏலத்துக்கு வந்தது. இழுத்தது மாண்டது, இழுபட்டது பிழைத்தது.

‘கால் டன்’ என்பது எடையா, கொள்ளளவா எனின், ஏற்றக்கூடிய பாரம். அமெரிக்க டன் 2,000 பவுண்டு. அதில் கால் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். எட்டாம் நூற்பாவில் இது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

2

*தகட்டைப் படித்துத் தரைகீழ்க் குனிந்து*
*தாளும் பார்த்தே தருக விலையே.*

விலை பேசுமுன் பார்க்கவேண்டியவை மூன்று: தகடு, அடிப்பகுதி, தாள்.

தகடு என்றது தொட்டியில் ரிவெட் அடித்து வைத்திருக்கும் விவரத் தகட்டை. வண்டியின் பெயர், தொடர் எண், எடைக் கணக்கு போன்றவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பல வண்டிகளில் ஐந்தாறு தடவை அடித்த பச்சை பெயிண்ட் அதை மூடிக் கிடக்கும். விரல் நகத்தால் தடவினால் எழுத்து மேடு தட்டும். அதுவே இந்த வண்டியின் மூலபாடம். நாம் செய்யப்போகும் மாற்றமெல்லாம் அதற்கு எழுதும் உரை. மூலத்தைப் படிக்காதவன் உரை எழுதலாமா?

‘தரைகீழ்க் குனிந்து’ என்றதனால் மேலே தெரியும் துருவுக்கு அஞ்சவேண்டாம் என்பது பெறப்படும். தொட்டியின் தகட்டில் ஓட்டை இருந்தால் ஒட்டுப்போடலாம். பார்க்கவேண்டியது அடியில்: இழுவைத் தண்டு சட்டத்தோடு சேரும் இடம், லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கிகள், அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு ‘டிங்’ என்று மணியடிக்கும். உள்ளே உளுத்தது ‘தொப்’ என்று விழும். பழைய வெல்டிங்கின்மேல் புதிய வெல்டிங் இருந்தால் அங்கே ஒரு தடவை முறிந்திருக்கிறது என்று அறிக.

தாள் என்பது உரிமைப் பத்திரம். அரசிடமிருந்து கழிவாக வரும் வண்டிக்கு ‘எஸ்.எஃப்.-97’ என்ற படிவம் உண்டு. அதைக் காட்டித்தான் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைத் தன் பேருக்குப் பதிவு செய்யமுடியும். நாலு கை மாறி, தாள் எங்கோ தொலைந்துபோன வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மலிவில் மிச்சம் பிடித்ததை அலுவலக வாசலில் கழிக்கவேண்டி வரும்.

3

*வண்ணம் உரிக்குமுன் வாய்மூக்கு மூடுக.*

ஓரடியில் முடித்ததற்குக் காரணம், மறக்கக்கூடாது என்பதே. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். 1980களிலிருந்து அமெரிக்க ராணுவ வண்டிகளுக்கு அடித்த ‘கார்க்’ என்னும் பூச்சு, ரசாயன ஆயுதத்தின் நச்சு வண்டிக்குள் ஊறாதபடி தடுக்கச் செய்யப்பட்டது. அதைக் கிரைண்டரால் தேய்த்தாலும், வெல்டிங் சூட்டில் பொசுக்கினாலும் கிளம்பும் தூசும் புகையும் நுரையீரலுக்குக் கேடு. கைக்குட்டை கட்டுவது பயன்படாது. வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். உலர் தேய்ப்பைவிட ஈரத் தேய்ப்பும், பூச்சை இளக்கி எடுக்கும் மருந்தும் மேல். முழுக்க உரித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் லேசாகச் சொரசொரப்பாக்கி அதன்மேலேயே அடிக்கலாம். உதிர்வதை மட்டும் எடுப்பதே நெறி.

4

*பேரிங் அறியார் பெயிண்டறிந் தென்னே!*

பெயிண்ட்டில் தொடங்குவோரே பெரும்பான்மை. கண்ணுக்கு முதலில் படுவது அதுதானே. வழியில் வண்டியை நிறுத்துவதோ சக்கரத்துக்குள் உருளும் பேரிங். அதனால் இந்த நூற்பா சற்று எள்ளலாகவே நிற்கிறது.

ஹப்பின் மூடியைக் கழற்றினால் நல்ல வண்டியில் கிரீஸ் வெண்ணெய்போல் வழவழப்பாக இருக்கும். பல்லாண்டு கிடையில் கிடந்த வண்டியில் அது பழைய புளிபோல் இறுகியிருக்கும், இல்லாவிட்டால் நீர் கலந்து மோர்நிறமாகியிருக்கும். மோர்நிறம் கண்டால் பேரிங்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, விரல்நுனியால் உருளைகளைச் சுற்றிப் பாருங்கள். ஒரு சிறு நெருடல் தட்டினாலும் அதன் ஆயுள் முடிந்தது.

புதிதைப் பொருத்துவதிலும் ஒரு பக்குவம் உண்டு. சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறுகையால் நட்டை இறுக்கவேண்டும். சுழலாமல் இறுக்கினால் உருளைகள் இடத்தில் அமராமலே அமர்ந்ததுபோல் காட்டும். நன்றாக இறுகியபின் சற்றுத் தளர்த்தி, சக்கரம் ஆடாமலும் பிடிக்காமலும் நிற்கும் இடத்தில் காட்டர் பின்னைச் செருகுக. முதல் பயணத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஹப்பில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. கையைச் சட்டென்று எடுக்க வைக்கும் சூடு என்றால் நட்டு இறுக்கம்.

நீரைக் கடப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கலிஃபோர்னியாப் பாலையில் கொலராடோ ஆற்றிலிருந்து மேற்கே போகும் மொஹாவி சாலை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளம். மொஹாவி மக்களின் வணிகத் தடமாக இருந்து, 19ஆம் நூற்றாண்டில் கோட்டைகளை இணைக்கும் வண்டிப்பாதையான வழி அது. மேற்குப் பகுதியில் ஆஃப்டன் பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள் இறங்கிக் கடக்கவேண்டியிருக்கும். பல மணி நேரம் ஓடிச் சுட்ட ஹப் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று சீலின் ஓரமாக நீரை உள்ளே இழுக்கும். மூக்கை மூழ்கவிட்டு மூச்சிழுப்பதுபோல. எனவே ஆற்றங்கரையில் வண்டியைச் சற்று ஆறவிட்டு இறங்குவது நன்று. ஊர் திரும்பியதும் ஹப்பைத் திறந்து பார்ப்பது இன்னும் நன்று.

5

*தொட்டியின் விளிம்பைத் துண்டியா தொழிக;*
*துளையிரண் டுளவேல் தூர்க்கா தொழிக.*

இந்த வண்டிக்குப் பின்கதவு கிடையாது. நாலு பக்கமும் அடைத்த தொட்டி. சாமான் எடுப்பதற்கு மேலே குனிந்து கைவிட வேண்டும். வாங்கிய மறுநாளே எல்லோருக்கும் தோன்றும் யோசனை: ‘பின்பக்கத்தை வெட்டிக் கீல் வைத்தால் என்ன?’

ராணுவம் ஏன் வைக்கவில்லை என்பதை முதலில் பாருங்கள். பேன்டம் டிரெய்லரின் தொட்டி நீர் புகாதபடி செய்யப்பட்டது. ஆற்றில் விட்டால் மிதக்கும். மிதப்பதற்குக் கதவு ஆகாது. அந்த வழியில் வந்த தொட்டிகளும் நாலு பக்கமும் மூடியவை. மெல்லிய தகட்டால் ஆன பெட்டி மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம், மேல் விளிம்பு ஓரிடத்திலும் அறாமல் வளையம்போல் சுற்றி வருவதுதான். முறத்தின் விளிம்புக் கட்டு அறுந்தால் முறம் என்ன ஆகும் என்பது வீட்டில் முறம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். பின்பக்கத்தை வெட்டினால் அந்த வளையம் அறுகிறது. வெட்டியே தீர்வேன் என்பவர் திறப்பைச் சுற்றிச் சதுரக் குழாயால் சட்டம் கட்டவேண்டும். அதனால் எடை ஏறும்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டில் சொற்களை இடம்பெயர்த்துக் கூட்டிப் பொருள் கொண்டார் என்று மறைமலையடிகள் குறை கண்டார். அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்கமுடியாது: பாட்டைக் கலைத்தால் பாட்டு ஒன்றும் சொல்லாது, அடுத்த பதிப்பில் பழையபடி அச்சிட்டுக்கொள்ளலாம். தகட்டை வெட்டினால் பழையபடி அச்சிட முடியாது.

அப்படியானால் சமையல் எங்கே? வெளியே. தொட்டியின் பக்கவாட்டில் மடித்து இறக்கும் பலகை ஒன்று, இழுவைத் தண்டின்மேல் ஒரு பெட்டி. அடிக்கடி எடுப்பதெல்லாம் இவ்விரண்டில். தொட்டிக்குள் இரவு ஒருமுறை மட்டும் எடுப்பவை. பின்கதவின் தேவை பாதிக்குமேல் இதிலேயே போய்விடும்.

இரண்டாம் அடியில் ‘துளை’ என்றது தொட்டியின் தரையில் அடைப்பான் போட்டு வைத்திருக்கும் வடிகால்களை. துருவோ என்று நினைத்து அவற்றையும் வெல்டிங் வைத்து மூடிவிடுவார்கள். நீர் புகாத தொட்டியில் புகுந்த நீர் வெளியேறவும் செய்யாது. தார்ப்பாய் கிழிந்து ஒரு மழை பெய்தால் அது குளியல் தொட்டி. ஓடும்போது அடைப்பானைப் போட்டு, நிற்கும்போது கழற்றி வைக்கவேண்டும். பழைய ஆள் வைத்த ஓட்டையில் அர்த்தம் இருக்கும்.

6

*இழுப்பதன் சக்கரம் இழுபடு வதற்கும்*
*பொருந்தின் உபரி ஒன்றே போதும்.*

உபரி என்றது மாற்றுச் சக்கரம், பேச்சில் ஸ்டெப்னி. ஜீப்புக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று என்று இரண்டைச் சுமப்பதில் 25 முதல் 30 கிலோ வீண். இரண்டுக்கும் ஒரே சக்கரம் பொருந்தினால் ஒன்று மிச்சம்.

பொருந்துமா என்பது போல்ட்டுகளின் இடைவெளியைப் பொறுத்தது. பழைய ஜீப்புகளைப்போல எம்-416க்கும் ஐந்து போல்ட்டுகள், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம். பழைய சி.ஜே. ஜீப் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. 1987 மாடலாக வந்த முதல் ரேங்லர் ஜீப்பில் இது நாலரை அங்குலமாயிற்று. 2007 மாடலாக வந்த ஜே.கே. ரேங்லரில் ஐந்து அங்குலம். புது ஜீப் வைத்திருப்பவர் இடைத்தட்டு வைத்துப் பொருத்தவேண்டும், இல்லாவிட்டால் அச்சையே மாற்றவேண்டும்.

அச்சை மாற்றுவோருக்கு இன்னொரு லாபம் உண்டு. ராணுவ ஜீப்பும் அதன் டிரெய்லரும் ஒரே தடத்தில் ஓடும்படி செய்யப்பட்டவை. ஜீப் அழுத்திய மண்ணிலேயே பின்சக்கரமும் ஏறிவரும். புதுமண்ணைத் தானே உழவேண்டியதில்லை. இன்றைய ஜீப்புகள் அகலம். பழைய அச்சில் டிரெய்லர் சக்கரம் உள்ளடங்கி ஓடும். ஜீப் தவிர்த்துப்போன நடுமேட்டுக் கல்லில் இது ஏறும். அகலமான அச்சு அதைத் தீர்க்கும். அப்போது சக்கரம் மட்காடுக்கு வெளியே நீட்டும். புது மட்காடு செய்யவேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும்.

டயரில் எழுதியிருக்கும் தயாரிப்பு எண்ணையும் படியுங்கள். 2000க்குப் பிந்தைய டயரில் கடைசி நாலு இலக்கம் வாரமும் ஆண்டும். அதற்கும் பழையது என்றால் டயரின் பட்டை எவ்வளவு கனமாக இருந்தாலும் காட்சிக்கு மட்டும்.

7

*கண்ணும் கொக்கியும் காட்டிற் கியையும்;*
*சங்கிலி இரண்டும் குறுக்கிடல் தலையே.*

ராணுவ டிரெய்லரின் முனையில் கனத்த இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கண் என்றது நூல். இழுக்கும் வண்டியில் அதைக் கவ்வும் கொக்கிக்குப் பின்டில் என்று பெயர். ஊர்ச்சாலையில் ஓடும் டிரெய்லர்களுக்கு இரண்டங்குல உருண்டையும் அதை மூடும் கிண்ணமும்தான் வழக்கம். அது சத்தமில்லாதது, நெடுஞ்சாலைக்கு நல்லது. ஆனால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி டிரெய்லர் மேட்டிலேயே நிற்கும் கோணத்தில் கிண்ணம் உருண்டையின் கழுத்தில் முட்டும். முட்டினால் வளையும், இல்லாவிட்டால் கழன்றுகொள்ளும்.

வளையமும் கொக்கியும் தளர்ச்சியான கூட்டு. மேலும் கீழும் வாங்கும், ஓரளவு முறுக்கும் கொடுக்கும். அந்தத் தளர்ச்சிக்கு விலை, பிரேக் அடிக்கும்போதெல்லாம் வரும் ‘டொக்’. சமையல் பாத்திரத்தையெல்லாம் ஒரு தடவை குலுக்கி வைக்கும் அந்தச் சத்தம் பலருக்குப் பிடிப்பதில்லை. பாதையே பாத்திரத்தைக் குலுக்கும் என்று தெரிந்தவர்கள் கொக்கியை மாற்றுவதில்லை.

‘குறுக்கிடல் தலையே’ என்பது பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் இழுவைத் தண்டுக்கு அடியில் எக்ஸ் வடிவில் குறுக்காகக் கட்டச் சொல்கிறது. கொக்கி கழன்றால் தண்டின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலித் தூளியில் விழும். மூக்கு தரையில் குத்தினால் வேகத்தில் வரும் டிரெய்லர் கோல் ஊன்றித் தாண்டுபவன்போல் எழும்பும். நேராகக் கட்டிய சங்கிலியால் அதைத் தடுக்கமுடியாது.

பின்னோக்கி ஓட்டுவதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் குட்டையாக இருந்தால் ரிவர்ஸில் பணியாது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்புமுன் அது மடங்கிவிடும். தண்டை நீட்டினால் அடங்கும். முன்பெட்டிக்கும் இடம் கிடைக்கும். ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது பழகுவதற்கு எளிய வழி.

8

*ஐந்நூறு பவுண்டென் றறைந்தது தகடே;*
*ஆசைக் களவிலை, அச்சுக் குண்டே.*

நூலின் நடுநாயகம் இதுவே. மற்ற நூற்பாக்களெல்லாம் இதற்குப் பரிவாரம்.

‘கால் டன்’ என்ற பெயர் தார்ச்சாலைக்குச் சொன்ன கணக்கன்று. மேடுபள்ளத்தில் ஏற்றக்கூடிய பாரம். காலி வண்டி ஏறத்தாழ 260 கிலோ. மேலே 227 கிலோ ஏற்றலாம். காட்டுவழியில் தங்க வருபவர் எதையெல்லாம் ஏற்ற விரும்புகிறார் என்று பார்ப்போம்.

டிரெய்லரின்மேல் ஏறிப் படுக்கும் மடிப்புக் கூரைக் கூடாரம் 60 கிலோ. அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் மூடியும் 40. உபரிச் சக்கரம் 28. 20 லிட்டர் ஜெர்ரி கேன் இரண்டில் தண்ணீர், கேனின் எடையோடு 48. பன்னிரண்டு வோல்ட் ஃபிரிட்ஜ், உள்ளே வைத்த சாமானோடு 35. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 12. அடுப்பு, எரிவாயு, பாத்திரம் 12. கூட்டினால் 235.

எல்லை 227. இன்னும் அரிசி வரவில்லை, கம்பளி வரவில்லை, ஜாக்கி வரவில்லை, ஸ்பேனர்ப் பெட்டி வரவில்லை. பெட்ரோல் கேன் வந்தால் இன்னும் ஏறும். பட்டியலில் ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. எல்லாமே ‘இதுகூட இல்லாமல் எப்படி’ என்று தோன்றுபவை. மயிலிறகையே அளவுமீறி ஏற்றினாலும் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். நமக்குக் கிலோவில் சொன்னால் போதும்.

‘அச்சை மாற்றிவிட்டேன், 3,500 பவுண்டு தாங்கும் அச்சு’ என்று சிலர் வருவார்கள். அந்த அளவு அச்சு அமெரிக்கச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். அச்சை மாற்றினால் மாறியது அச்சு ஒன்றுதான். தொட்டியின் தகடு பழையது, இழுவைத் தண்டு பழையது, தண்டு சட்டத்தோடு சேரும் மூலை பழையது. முன்னே அச்சில் முறிந்திருக்கவேண்டியது இனி தண்டில் முறியும். அச்சு முறிந்தால் வண்டி நிற்கும். தண்டு முறிந்தால் வண்டி பிரிந்துபோகும். எது மேல்? இழுக்கும் ஜீப்புக்கும் எல்லை உண்டு என்பதை மறக்கக்கூடாது. இரண்டு கதவு ஜே.கே. ரேங்லருக்கு இழுக்கும் வரம்பு 2,000 பவுண்டுதான். எடை கூடக்கூடச் சட்டமும் பின்னால் வரும்; டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலும், கலிஃபோர்னியாவில் தங்கும் வகை டிரெய்லருக்கு 1,500 பவுண்டிலும் தொடங்குகிறது.

அப்படியானால் வழி? கழித்தல். கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரையில் அடிக்கும் கூடாரம் என்றால் ஏழெட்டு கிலோவில் முடியும். இரும்புச் சட்டத்தின் தேவையும் போகும், தார்ப்பாயே மூடியாகும். இந்த ஒரு முடிவில் 85 கிலோவுக்குமேல் திரும்பக் கிடைக்கிறது. ‘தரையில் படுப்பதற்கா டிரெய்லர் வாங்கினேன்?’ என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. கூரைக் கூடாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை அலுமினியத்தில் செய்து, ஃபிரிட்ஜை வீட்டில் விடுங்கள். இரண்டில் ஒன்று. கூடாரத்தில் தூங்கி எழுந்து ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்த மோர் குடிக்க ஆசைப்படுபவருக்குக் கால் டன் வண்டி பொருந்தாது. முக்கால் டன் வண்டி என்று ராணுவத்திலேயே வேறு இருக்கிறது.

9

*பத்தில் ஒன்று மூக்கில் நிற்க;*
*இருபத்து நான்கு பன்னிரண் டாக.*

இது விடுகதைபோல் நிற்கும். முதலடி எடையைப் பற்றியது, இரண்டாமடி மின்சாரத்தைப் பற்றியது.

மூக்கு என்றது கொக்கியில் அமரும் முனையை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நூற்றுக்குப் பதினைந்து வரை அங்கே இறங்கவேண்டும். ஏற்றிய வண்டி 490 கிலோ என்றால் மூக்கில் 49 முதல் 73 கிலோ. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். ஆட்டம் ஒருமுறை பிடித்தால் ஜீப்பையும் சேர்த்து ஆட்டும். கூடினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் இளகும். அளப்பதற்குக் குளியலறை எடைப் பொறி போதும். சமதரையில் டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, மூக்குக்கும் பொறிக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்தால் எண் தெரியும். தண்ணீர்க் கேனை ஒரு முழம் முன்னே நகர்த்தி மறுபடி பாருங்கள். கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்கவேண்டும்.

‘இருபத்து நான்கு’ என்றது வோல்ட்டை. ராணுவ வண்டியின் மின்சாரம் 24 வோல்ட். நம் ஜீப்பில் 12. பழைய பல்பை அப்படியே மாட்டினால் எரியும், ஆனால் சாம்பலில் கிடக்கும் கங்குபோல. பின்னால் வருகிறவனுக்கு நாம் பிரேக் பிடித்ததே தெரியாது. ராணுவப் பன்னிரண்டு முனைப் பிளக்கையும் பழைய ஒயரையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கும் புது ஒயரும் போடுவதே முறை. எர்த்தைச் சட்டத்தின் இரும்பை நம்பி விடாமல் தனி ஒயராகக் கொண்டுவாருங்கள். பழைய டிரெய்லரின் விளக்கு வியாதிகளில் பெரும்பாலானவை துருவில் அறுந்த எர்த் வியாதிதான்.

10: புறனடை

*வந்த தடத்தே வண்டி மீள்க;*
*எடுக்கா தவற்றை இறக்கி வைக்க.*

புறனடை என்பது நூலில் சொல்லாமல் விட்டவற்றைச் சேர்த்துக்கொள்ள வழிவிடுவது.

‘வந்த தடத்தே’ என்றது ஏன்? சாலையில்லாத இடமெல்லாம் நம் இடம் என்று நினைப்பவர் உண்டு. மொஹாவி தேசியக் காப்பிடத்தில் குறித்த பாதையைவிட்டு விலகி வண்டி ஓட்டக்கூடாது. பாலை மண்ணில் ஒரு தடவை பதிந்த டயர்த் தடம் மழையில் கலைய மறுக்கும். அமெரிக்கப் பொதுநிலங்கள் பலவற்றில் அனுமதியின்றித் தங்கலாம் என்றாலும் பல இடங்களில் 28 நாளில் 14 நாளே எல்லை. தடத்தோடு போய்த் தடத்தோடு திரும்புக.

‘எடுக்காதவற்றை’ என்பது முதல் பயணம் முடிந்த மறுநாள் செய்யும் வேலை. தொட்டியிலிருப்பதையெல்லாம் தரையில் இறக்கி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நாள்தோறும் எடுத்தவை, ஒருமுறை எடுத்தவை, கையே படாதவை. முதலுதவிப் பெட்டி, கருவிப் பெட்டி தவிர மூன்றாம் குவியல் அடுத்த பயணத்துக்கு வரவேண்டாம். அப்போது குளிர்பானத் தகர டப்பா ஒன்று ஒட்டிக்கொண்டு கையில் வரும். வரிவரியாய்ப் பள்ளம் விழுந்த மண்பாதையில் பக்கத்து டப்பாவோடு உரசி உரசி ஊசித்துளை விழுந்து, உள்ளிருந்தது எல்லாம் தொட்டியில் இறங்கியிருக்கும். அடைப்பானைக் கழற்றி ஒரு வாளி நீர் ஊற்றினால் ஐந்தாம் நூற்பாவில் சொன்ன துளை தன் வேலையைச் செய்யும்.

எல்லாம் முடிந்து கடைசியில் பெயிண்ட் அடிக்கும் நாள் வரும். பச்சையோ மணல் நிறமோ அவரவர் விருப்பம். பிரஷ்ஷைத் தொடுமுன் தகட்டின்மேல் மட்டும் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். இந்த வண்டி நம்மோடு முடியாது. இன்னும் இருபது ஆண்டில் யாரோ ஒருவர் இதை வாங்கி, நாம் வெல்டிங் வைத்ததையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, தம் உரையைத் தொடங்குவார். அவருக்கும் மூலபாடம் வேண்டும்.